போசியும் பக்லவாவும்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"கோயமுத்தூரிலே இப்போது பரிசுப் பெட்டி என்றால் பக்லவா, பக்லவா என்கிறார்களே! அது என்ன பண்டம், எந்த ஊர்ச் சரக்கு, கொடுக்கிற காசுக்குத் தகுந்த வேலை அதில் இருக்கிறதா? விசாரித்து எழுதுங்கள்" என்றார்.

பத்திரிகைத் தொழிலில் வெள்ளத்தை விசாரிக்கும் வேலை வரும். தேர்தலை விசாரிக்கும் வேலை வரும். தின்பண்டத்தை விசாரிக்கும் வேலை அபூர்வமாகத்தான் வரும். வந்தால் விட்டுவிடுவேனா? அன்று மாலையே கிளம்பிவிட்டேன். அந்த விசாரணை என்னை ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் பண்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மாவைப் பிசைந்து, கீழே வைத்த எழுத்து மேலே தெரிகிற அளவுக்கு மெல்லிய தாளாகத் தேய்க்கிறார்கள். நம் ஊர் வீச்சு பரோட்டாக்காரர் பார்த்தால், "நம்ம ஜாதிதான்" என்று சொல்லிவிடுவார். ஒரு தாள், அதன்மேல் உருக்கிய நெய், மறுபடி ஒரு தாள், மறுபடி நெய். இப்படிப் பல அடுக்குகள். நடுவே பொடித்த பிஸ்தாவோ அக்ரூட்டோ வைத்து, சாய்சதுரமாகக் கீறி, பேக்கரி அடுப்பில் பொன்னிறமாகச் சுட்டு எடுத்துப் பாகு ஊற்றுகிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பண்டம் சூடாக இருந்தால் பாகு ஆறியிருக்க வேண்டும். பாகு சூடாக இருந்தால் பண்டம் ஆறியிருக்க வேண்டும். இரண்டும் சூடாக இருந்தால் தாள்கள் ஊறி நொறுநொறுப்பு போய்விடும். எல்லாம் ஆறிய பிறகு, துண்டின் பாதியை உருக்கிய கறுப்புச் சாக்லெட்டில் முக்கி எடுத்து, மேலே பச்சைப் பிஸ்தாத் தூளைத் தூவினால், கண்ணாடி அலமாரியில் வைத்து விற்கிற இன்றைய நாகரிகப் பக்லவா தயார்.

பண்டம் துருக்கியில் பெரும் பேர் பெற்றது. அங்கே தென்கிழக்கில் காஸியான்டெப் என்று ஒரு நகரம். பிஸ்தாவுக்குப் பெயர் போன ஊர். அந்த ஊர்ப் பக்லவாவுக்கு 2013-ல் ஐரோப்பிய யூனியன் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு கொடுத்தது. நம் கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கும், கோவை கோரா சேலைக்கும் இருக்கிறதே, அந்த மாதிரிப் பெருமை.

பரிசாகக் கொடுக்கும் வழக்கமும் அந்தப் பண்டத்துக்குப் புதிதல்ல. ஒட்டோமான் சுல்தான்கள் இஸ்தான்புல்லில் ஆண்ட காலத்தில், ரம்ஜான் மாதத்தின் நடுவில் ஒரு நாள், டோப்காப்பி அரண்மனைச் சமையல் கட்டிலிருந்து ஜானிசரி என்ற காவல் படையினருக்குப் பக்லவாத் தட்டுகள் போகும். பத்து வீரர்களுக்கு ஒரு தட்டு. வீரர்கள் அதைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வீதி வழியே ஊர்வலமாகத் தங்கள் கொட்டடிக்குப் போவார்கள். மறுநாள் தட்டும் துணியும் அரண்மனைக்குத் திரும்பிவிடும். 1826-ல் சுல்தான் அந்தப் படையையே கலைத்துவிட்டார். ஊர்வலமும் அதோடு போயிற்று.

தட்டு மறுநாள் திரும்பிவிடும் என்ற விஷயத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கோயமுத்தூருக்குப் பரிசுப் பெட்டி புதிதா என்ன? ஊருக்குப் போகிறவர் கையில் மைசூர்பாப் பெட்டி இல்லாவிட்டால், அவர் கோயமுத்தூரிலிருந்துதான் வருகிறார் என்று யார் நம்புவார்கள்? 1948-ல் மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ், கடித்தால் பல்லைப் பதம் பார்க்கிற பழைய மைசூர்பாகை, வாயில் போட்டதும் கரைகிற மைசூர்பாவாக ஆக்கி, ஊரின் முகவரியாகவே மாற்றிவிட்டது. யோசித்துப் பார்த்தால், மைசூர்பாகும் மைசூர் அரண்மனைச் சமையல் கட்டில் பிறந்ததுதான். கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும். பக்லவாவில் மாவும் சர்க்கரையும் நெய்யும் பிஸ்தாவும். அரண்மனைப் பண்டங்களின் இலக்கணம் எங்கேயும் ஒன்றுதான்: நெய்யைப் பற்றிக் கவலைப்படக் கூடாது!

விசாரணை முடிந்தது. வாங்குகிறவர்களுக்கு உபயோகமான நாலு விஷயங்களைக் குறித்துக்கொண்டேன். நெய்யில் செய்ததா, வனஸ்பதியில் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும், முகர்ந்தாலே தெரியும். அடியில் பாகு குளம் கட்டி நிற்கக் கூடாது. மூடி வைத்தால் சில நாள் தாங்கும். குளிர்பெட்டியில் வைத்தால் தாள்கள் விறைத்து, நெய் உறைந்து, ருசி மட்டுப்படும். சாக்லெட் முக்கியதாக இருந்தால் வெயில் படாமல் எடுத்துப் போக வேண்டும். கோகோ வெண்ணெய் ஏறக்குறைய 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் சாக்லெட் நம் வாயில் கரைகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டேன். அடிக்கோடு போட்டவன் என்ன செய்தான் என்று கேளுங்கள்.

ஒரு கிலோப் பெட்டி ஒன்று வாங்கினேன். பொன் நிறத் தகரப் பெட்டி, பட்டு ரிப்பன். விலையை இங்கே எழுதினால் என் மனைவி இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவள் என்பது ஞாபகம் வருகிறது. யாருக்கு அந்தப் பெட்டி? என் அத்தைக்கு.

அத்தை என் அப்பாவின் அக்காள். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் குடியிருக்கிறார். எங்களுக்கும் அவர் வீட்டுக்கும் பேச்சு நின்று பன்னிரண்டு வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷத்தைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை, அப்பாவே இல்லை.

எங்கள் கொங்கு நாட்டில் பிறந்தவன் சீர் என்பது சாமான்யமான காரியமல்ல. கூடப் பிறந்தவளுக்குத் தீபாவளி, பொங்கல் என்று வருஷா வருஷம் சீர். அவள் பிள்ளைகளுக்குக் காது குத்தினால் சீர். கல்யாணம் என்றால் பெரிய சீர். அத்தை மகளின் கல்யாணத்தின்போது அப்பா வேலை பார்த்த மில் மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருந்ததைத் திரட்டி, கடன் வாங்கி, தட்டு வைத்தார். அதோடு, அத்தைக்குப் பிடிக்கும் என்று அம்மா சுட்ட கச்சாயத்தை ஒரு தூக்குப் போசி நிறையக் கொண்டுபோனார். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன்: கச்சாயம் என்பது ஊறவைத்த அரிசியை வெல்லத்தோடு ஆட்டி, எண்ணெயில் ஊற்றிச் சுடுகிற பண்டம். போசி என்பது பாத்திரம்.

மாமா பக்கத்து ஒறம்பரையில் ஒருவர், பந்தலில் பத்துப் பேர் காதில் விழ, "பொறந்தவன் சீரு தட்டுக்கே நெறையலையே! போசியிலே கொண்டாந்து ஈடு கட்டறாங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டார். சிலர் சிரித்தார்கள். அத்தை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா சாப்பிடாமலே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வாசற்படி மிதிக்கவில்லை. அப்பா காலமானபோது அத்தை வந்தார், அழுதார், சாயங்காலமே போய்விட்டார்.

வருஷம் முடிந்து வந்த முதல் தீபாவளி இது. சீர் கொண்டுபோக வேண்டியவன் இனி நான்தான். அம்மா சொன்னாள்: "போயிட்டு வா. கொஞ்சம் கச்சாயம் சுட்டுத் தரட்டுமா?"

"கச்சாயம் வேண்டாம்" என்றேன்.

வேண்டாம் என்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். எந்தப் பந்தலில் எந்தத் தட்டைப் பார்த்துச் சிரித்தார்களோ, அங்கே சிரிக்க முடியாத பெட்டியாக ஒன்று கொண்டுபோய் வைக்க வேண்டும். பரிசு என்று பெயர். உண்மையில் அது பதில். பன்னிரண்டு வருஷம் தாமதமாகப் போகிற பதில்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். நல்ல ஜன்னல் ஓரம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டால் ரிப்பன் கசங்குமே என்று ஜன்னல் பக்கமாகப் பத்திரமாக வைத்தேன். பஸ் தெற்கே போகிறது, நான் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், நேரமோ பிற்பகல். கிணத்துக்கடவு தாண்டும்போது நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். மேற்கு வெயில் தகரப் பெட்டியின் மேல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொள்ளாச்சியில் பஸ் மாறி, ஆனைமலையில் இறங்கி, தோப்புக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் தென்னை. தென்னையின் கீழே கோகோ மரங்கள், அடிமரத்திலேயே காய் தொங்க நின்றன. ஆனால் நான் சிறு வயதில் பார்த்த தோப்பு அல்ல அது. நடு நடுவே வெறும் அடிக்கட்டைகள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சில வருஷங்களாக வேர்வாடல் நோய் வந்து, காய்ப்பு விழுந்த மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நானே செய்தி எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது ஒரு செய்தி. அத்தையின் வாசலில் பார்க்கும்போது வேறாக இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஆரு? ... கண்ணா? வா சாமி, வா! வழி தெரிஞ்சுதா?"

"நல்லா இருக்கறீங்களா அத்தை?"

"இருக்கறேன். மாமாவுக்குத்தான் காது கேக்கறதில்லே. உள்ளே வா. தண்ணி குடி மொதல்லே."

சேலையும் வெற்றிலை பாக்கும் பழமும் தட்டில் வைத்து, நடுவே பொன் பெட்டியை வைத்து நீட்டினேன். அத்தை தட்டை வாங்கி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னது கண்ணு இது? நகைப் பொட்டியாட்ட இருக்குது!"

"துருக்கி நாட்டுப் பண்டமுங்க அத்தை. சுல்தான் அரண்மனையிலே செய்வாங்களாம்" என்று ஆரம்பித்து, பிஸ்தா, நெய், நாற்பது தாள் என்று கட்டுரை முழுவதையும் ஒப்பித்தேன். ரிப்பனைப் பிரித்து மூடியைத் திறந்தேன்.

என்னத்தைச் சொல்ல! தனித் தனிச் சாய்சதுரங்களாக இருந்தவை எல்லாம் ஒரே கறுப்புப் பாறையாக இறுகிக் கிடந்தன. உருகிய சாக்லெட் ஓரமெல்லாம் வழிந்து, மறுபடி உறைந்து, பிஸ்தாத் தூள் அதில் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்ட வந்து எட்டிப் பார்த்த மாமா, "கருப்பட்டியா?" என்று கேட்டார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்பா பந்தலில் நின்ற கோலம் கண் முன்னால் வந்தது. அவராவது நிறையாத தட்டைக் கொண்டுவந்தார். நான் நிறைந்த பெட்டியைக் கொண்டுவந்து கெடுத்துவிட்டேன்.

அத்தை சிரிக்கவில்லை. சமையல் கட்டுக்குப் போய்க் கத்தியைக் கொண்டுவந்து, ஓரத்தில் ஒரு துண்டு பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். புருவம் உயர்ந்தது.

"இந்தக் கறுப்பு ... இது நம்ம கோகோதானே?"

"ஆமாங்க அத்தை. சாக்லெட்."

"பேரன் திங்கற மிட்டாயிலே வெறும் சக்கரைதான் தெரியும். இதுலே கசப்பு இருக்குது பாரு. காயற கொட்டையை ஒண்ணு ரெண்டு கடிச்சுப் பாப்பேன், பக்குவம் பாக்கறதுக்கு. அந்தக் கசப்பு இது."

வாசலில் பாயில் காய்ந்துகொண்டிருந்த கோகோக் கொட்டைகளைக் காட்டினார். காயை உடைத்து, வெள்ளைச் சதையோடு கொட்டையை எடுத்து, மரப் பெட்டியில் ஆறேழு நாள் புளிக்க வைத்து, பிறகு வெயிலில் காயப் போட வேண்டும். புளிக்கிறபோது காடி வாசம் வரும். புளிக்காத கொட்டையில் சாக்லெட் மணமே பிறக்காது. கேரளத்தில் வயநாட்டுப் பக்கம் 1965-ல் காட்பரி கம்பெனி முயற்சியில் வேர் ஊன்றிய பயிர், பிறகு இந்தத் தோப்புகளுக்கும் ஊடுபயிராக வந்து சேர்ந்தது. இன்றைக்கு ஆனைமலைச் சாரலிலேயே சாக்லெட் செய்து விற்கிறவர்களும் உண்டு. ஆனால் அத்தையின் கொட்டை மூட்டை கட்டிப் போவதோடு சரி. எங்கே போய் என்ன ஆகிறது என்று அவர் பார்த்ததில்லை.

"போன வருசத்துக்கு முந்தின வருசம் நல்ல வெல வந்துது கண்ணு. அப்பறம் எறங்கிப் போச்சு" என்றார்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். உலகத்துக் கோகோவில் பாதிக்கு மேல் மேற்கு ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளில் விளைகிறது. அங்கே மழையும் நோயும் சேர்ந்து விளைச்சலைக் கெடுத்ததால், 2024-ல் டன் விலை பத்தாயிரம் டாலரைத் தாண்டியது, பிறகு சரிந்தது. எங்கோ கானாவில் மரம் வாடினால் ஆனைமலையில் அத்தை கொஞ்சம் கடன் அடைக்கிறார். ஆனைமலையில் தென்னை வாடினால், நிழல் போய் அவருடைய கோகோவும் வாடுகிறது.

"இந்தப் பொட்டி என்ன வெல?" என்று கேட்டார்.

நான் மென்று விழுங்கிச் சொன்னேன். அத்தை விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "அப்ப, ஆறேழு துண்டுக்கு ஒரு கிலோக் கொட்டை" என்றார். அந்த ஆறேழு துண்டின் மேலே இருந்த சாக்லெட், ஒரு கைப்பிடிக் கொட்டைக்குக்கூடக் காணாது. அதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்கும்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அத்தை கேட்டார்: "ஏஞ்சாமி, இத்தனை வெலையிலே எதுக்கு வாங்கிட்டு வந்தே?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். அட்டாலியில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு தூக்குப் போசி. பித்தளை. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று இருந்தது. மூடியில் அப்பாவின் பெயர் எழுத்து.

"உங்கப்பன் அன்னிக்கு உட்டுட்டுப் போனது. வருசா வருசம் தீவாளிக்கு எடுத்து வெளக்கி வெப்பேன். வெறும் போசியைத் திருப்பிக் குடுக்கக் கூடாது. நெறச்சுக் குடுத்துடலாம்னா, வாங்கறவன் வரலே. நானாச்சும் போயிருக்கணும். போகலே."

மாமா ஒன்றும் கேட்காமல் பக்லவாவைத் தின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்த ஆளு அப்படிக் கேட்டப்போ, 'என்ற தம்பி கொண்டாந்த கச்சாயம் எனக்குப் போதும்'னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும் கண்ணு. ஒரே ஒரு வார்த்தை. சம்பந்தி வூட்டுக்காரங்க நிக்கறாங்களேன்னு வாய மூடிட்டேன். சாவுக்கு வந்தப்போ சொன்னேன். அவங்கிட்டச் சொல்லிப் பிரயோசனமில்லையே."

நான் போசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுல்தான் அனுப்பிய தட்டு மறுநாளே அரண்மனைக்குத் திரும்பிவிடும் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கொடுத்தவர் ராஜா, வாங்கியவர்கள் சேவகர்கள். தட்டு திரும்பினால் கணக்குத் தீர்ந்தது. நம் ஊர்ப் பாத்திரத்துக்கு அப்படிக் கணக்குத் தீருவதில்லை. அது நிறைந்து போகும். நிறைந்துதான் திரும்ப வேண்டும். திரும்பியது மறுபடி நிறைந்து போக வேண்டும். வாங்கியவர், கொடுத்தவர் என்பது இதில் நிலையாக யாருக்கும் இல்லை. விலை எழுதாத பண்டமாக இருப்பதால்தான் அது அப்படி நடமாட முடிகிறது. என் பொன் பெட்டியை யாரும் எனக்குத் திருப்பித் தரப் போவதில்லை. அதற்கு ஈடாக எதை நிறைப்பது என்று கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பந்தலில் அந்த மனிதர் செய்ததும் இதைத்தான். சீருக்கு விலை போட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்து நானும் விலை போட்டுத்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

அத்தை அன்று என்னைப் போக விடவில்லை. அரிசி ஊறப் போட்டார். ராத்திரி அடுப்பு மூட்டிக் கச்சாயம் சுட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா மில்லில் வேலை பார்த்த கதையையும், கடைசி நாட்களின் கதையையும் சொன்னேன். எண்ணெய்ப் புகையால்தான் கண் கரிக்கிறது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

விடியற்காலையில் போசி நிறைந்து என் கைக்கு வந்தது.

"அம்மாகிட்டக் குடு. பொங்கலுக்குப் போசியைக் கொண்டாந்துடோணும், மறந்துடாதே" என்றார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "வர்றப்போ அந்தக் கறுப்புப் பண்டமும் நாலு துண்டு கொண்டா. மாமாவுக்குப் புடிச்சுப் போச்சு. நாலே துண்டு. பொட்டி வேண்டாம், காயிதத்துலே மடிச்சுக் கொண்டா" என்றார்.

பொன் நிறத் தகரப் பெட்டி இப்போது அத்தையின் வெற்றிலைப் பெட்டியாக இருக்கிறது.

அம்மா போசியைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. மூடியில் இருந்த எழுத்தை விரலால் தடவினாள். ஒரு கச்சாயத்தை எடுத்துப் பிட்டு, "வெல்லம் கொஞ்சம் தூக்கல். உங்க அத்தை கை எப்பவும் அப்படித்தான்" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அம்மா அத்தையைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது.

ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே! பக்லவா நல்ல பண்டம்தான். காசுக்குத் தகுந்த வேலையும் அதில் இருக்கிறது. தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால், வாங்குகிறவருக்குப் பிடிக்கும் என்று வாங்குங்கள். பிறர் பார்க்க வேண்டும் என்று வாங்காதீர்கள். உங்கள் வீட்டு அட்டாலியிலும் யாருடைய போசியாவது இருக்கக் கூடும். இருந்தால், இந்தத் தீபாவளிக்கே நிறைத்துக் கொடுத்துவிடுங்கள். வாங்குகிறவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பஸ்ஸில் போவதாக இருந்தால், வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.